ஏழாம் நம்பர் தொட்டி

சிமெண்ட் உறையைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பஸ்ஸில் போகும்போது ஏதாவது ஒரு ஊரின் தெருமுனையில் கிணற்று உறையை நிறுத்தி, தாரால் நம்பர் போட்டு, அதில் குப்பை வழிந்து கிடக்கக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் நாற்றத்துக்காகத் திருப்புகிறேன் என்று நினைப்பார்கள். மீன் நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு எந்த நாற்றமும் பெரிதில்லை. எனக்கு வேறு கணக்கு இருக்கிறது அந்த உறையோடு.

எங்கள் தெரு வடகடலைப் பார்த்த தெரு. முப்பது வீடு இருக்கும், எல்லாம் பனையோலைக் கூரை. ஒரு முனையில் மாதா கோயில், மறுமுனையில் மணல் மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் பஜார். அங்கே ஸ்டேஷனுக்குப் போகும் ரோடு, நாலைந்து காப்பிக் கிளப், யாத்திரைக்காரர்கள் தங்குகிற ஒரு சத்திரம். சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பஜாருக்கு விளக்கு வந்தது, சாக்கடை வந்தது, கூட்டுகிற ஆள் வந்தது. எங்கள் தெருவுக்குப் பஞ்சாயத்து போர்டு கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். பஜார் குப்பை. காலையில் குப்பை வண்டி மேட்டைச் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் தெருமுனையில் கவிழ்த்துவிட்டுப் போகும். எச்சில் இலை, தேங்காய் மட்டை, உடைந்த பானை, சத்திரத்துச் சாம்பல், இன்னும் சொல்லக் கூசுகிறவை.

இதில் வேடிக்கை என்னவென்றால் எங்கள் தெருவில் குப்பை என்று தனியாக ஒன்று கிடையாது. மீன் குடல் காக்கைக்கும் கடலுக்கும். அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்க. வடித்த கஞ்சி ஆட்டுக்கு. கூரை ஓலை இற்றுப்போனால் அதுவே விறகு. வீட்டில் ஒரு குப்பைக்கூடை வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றியதில்லை. கூடை என்றால் மீன் போடத்தான். அப்படிப்பட்ட தெருவுக்குத்தான் ஊரார் தின்று போட்டதெல்லாம் வந்து சேர்ந்தது.

குடிக்கிற தண்ணீருக்கு எங்களுக்கு ஊற்று இருந்தது. குப்பை கொட்டுகிற இடத்திலிருந்து நாற்பது ஐம்பது தப்படி தள்ளி, மேட்டின் அடியில் நாலு பனை நிற்கும். அங்கே மணலைப் பறித்தால் தண்ணீர் கசிந்து வரும். தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். இளநீர் மாதிரி இருக்கும் என்று சொன்னால் பொய். ஆனால் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகும். எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீருக்கு அதுதான் சோதனை. கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு பருப்பு வேகிற தண்ணீர் கிடைப்பது சும்மா இல்லை. மழைத் தண்ணீர் மணலுக்குள் மேலாக நிற்கிறது, அதற்கு அடியில் நிற்பது உப்புத் தண்ணீர். தண்ணீர் கண்ட இடத்திலிருந்து முழங்கை ஆழம் போகலாம். அதற்குமேல் போனால் உப்பு ஏறிவிடும். ஏறினது லேசில் இறங்காது. ஊற்றில் கைவைக்கிற எல்லாப் பெண்ணுக்கும் இது தெரியும்.

எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஈர மணலைக் கிள்ளி நாக்கு நுனியில் வைத்தால், இங்கே நல்லது, இங்கே சவர், உப்புக் கரிக்கும் என்று சொல்லிவிடுவேன். கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை, பயம்தான். தொட்டுப் பார்க்காமல், ருசி பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி ஓடி வருகிறவள் நான்.

ஊற்றில் ஒரு கஷ்டம், சுவர் நிற்காது. சித்திரை வைகாசியில் தண்ணீர் கீழே போய்விடும், ஆளுயரத்துக்குக் குழி பறிக்க வேண்டி வரும். ஒரு கோடையில் பக்கத்து வீட்டு மதினியின் மகள், எட்டு வயது, குனிந்து மொள்ளும்போது மேட்டு மணல் சரிந்து தலையோடு மூடிவிட்டது. இரண்டு கால் மட்டும் வெளியே துடித்தது. நானும் மதினியும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தோம். பிள்ளை பிழைத்தாள். அன்று சாயங்காலமே தெருப் பெண்கள் எல்லாரும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"எழுது புள்ள, போர்டுக்கு எழுது. ஒரு உறைக் கெணறு போட்டுத் தரச் சொல்லு."

தெருவில் எழுதத் தெரிந்தவள் நான்தான். ஐந்தாம் வகுப்பு பாதியில் என்னை நிறுத்திவிட்டார்கள். தம்பி பிறந்தான், தூக்கிவைத்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனாலும் படித்த வரைக்கும் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு முழுத்தாள் வாங்கி, மடித்துக் கோடு பிடித்து, "எங்கள் தெருவில் குடிதண்ணீருக்காக உறைக் கிணறு ஒன்று அமைத்துத் தருமாறு" என்று எழுதினேன். எழுதி முடித்தபோது தாளில் பாதி வெறுமையாகக் கிடந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பயம். கீழே எல்லாரும் ரேகை வைக்கப் போகிறார்கள். நடுவில் இருக்கிற வெற்றிடத்தில் வேறு எவராவது எதையாவது எழுதிக்கொண்டால்? நிலத்தை எழுதிக் கொடுத்தோம், வீட்டை விட்டுக் கொடுத்தோம் என்று எழுதிக்கொண்டால்? அந்த இடத்தை நிரப்புவதற்காக இன்னொரு பத்தி எழுதினேன்.

"மேலும், பஜார் குப்பை எங்கள் தெருமுனையில் கொட்டப்படுவது குறித்துத் தக்க ஏற்பாடு செய்யும்படியும் கேட்டுக்கொள்கிறோம்."

என் வீட்டுக்காரர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தினார்.

"ரெண்டாவதை எதுக்கு எழுதின? தண்ணிய மட்டும் கேளு. ரெண்டு சங்கதி சொன்னா அவுகளுக்கு எது சுளுவோ அதத்தான் செய்வாக."

"தாளு வெறுசா கெடக்குங்க."

"கெடந்தா கெடக்கட்டுமே. தாளு என்ன, சோறா கேக்குது?"

நான் கேட்கவில்லை. முதல் கையெழுத்து என்னுடையது. அதற்குக் கீழே முப்பது வீட்டு ரேகை.

மழைக்காலம் வந்து போனது. பதிலே இல்லை. தை பிறந்து ஒரு நாள் காலையில் மாட்டு வண்டி ஒன்று வந்து, சிமெண்ட் உறை ஒன்றைத் தெருமுனையில் உருட்டித் தள்ளியது. புத்தம் புதுசு, இடுப்பு உயரம். நாங்கள் ஓடினோம்.

"எங்கன இருந்துண்ணே?"

"போர்டு ஆபீஸ்ல இருந்துதான். இந்தத் தெருமுனையில போட்டுட்டு வரச் சொன்னாக."

"எதுக்குண்ணே?"

"எனக்கென்ன தெரியும் தாயி? நீங்கதான் மனுக் குடுத்தீகளாம்ல?"

"ஆமா, குடுத்தோம்."

"அப்பப் பெறகென்ன? மேஸ்திரி நாளைக்கு வருவாரு, அவருட்டக் கேளுங்க."

மதினி அந்த உறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கையால் தடவிப் பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஒத்த உறைதான் குடுத்திருக்காக, பாத்தியாடி? ரெண்டு போட்டா உப்பு ஏறிரும்னு தெரிஞ்ச மனுசன் எவனோ ஆபீஸ்ல இருக்கான். மகராசன் நல்லா இருக்கணும்."

அதுதான் நாங்கள் நினைத்தது. கிணற்று உறையை வேறு எதற்குத் தருவார்கள்? எங்கள் வாழ்நாளில் உறை என்றால் கிணறு. அது தெருமுனையில் நின்று எச்சில் இலை வாங்கும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் எங்களில் யாரும் இல்லை.

மேஸ்திரி மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எனக்குள் குடைய ஆரம்பித்தது. முன்பு ஒரு தரம் எங்கள் தெருவுக்கு என்று ஒரு விளக்குக் கம்பம் கொண்டுவந்து போட்டார்கள். எட்டு நாள் கிடந்தது. ஒன்பதாம் நாள் பஜார்க்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் பக்கம் நட்டுக்கொண்டார்கள். இந்த உறையும் அப்படிப் போய்விட்டால்? என் வீட்டுக்காரரை உட்காரவிடவில்லை, தின்னவிடவில்லை. மேஸ்திரி வரட்டும் என்றார். வருவதற்குள் போய்விடும் என்றேன். அவர் மட்டுமா, தெருவில் எல்லா ஆண்களின் காதிலும் ஓதினேன். இன்றைக்கு நினைத்தால் என் நாக்கை நானே கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் கயிறும் கம்புமாக வந்துவிட்டார்கள். வள்ளத்தைக் கரையேற்றுகிற மாதிரி கயிறு கட்டி இழுத்தார்கள்.

"ஏலே, வள்ளம்னு நெனப்பா? முன்னும் பின்னும் இல்லாத சாமான்டா இது. உருட்டுங்கடா!"

"உருட்டினா உன் மாமியா வீட்டுலதான் போய் நிக்கும்."

"நிக்கட்டும். அவளுக்கும் தண்ணி வேணும்ல?"

சிரிப்பும் கூச்சலுமாக நாலு பனையடிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கே இறக்குவது என்று என்னைப் பார்த்தார்கள். ஐந்து இடத்தில் மணலைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது இடத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு தரம் பார்த்தேன். "இங்கன" என்றேன். உறைக்குள் இரண்டு பேர் இறங்கி மணலை வாரி வெளியே போட, உறை தன் பாரத்திலேயே மெல்ல மெல்ல உள்ளே போனது. முழங்காலுக்குக் கீழே நிற்கிற அளவுக்குத்தான் விளிம்பு வெளியே தெரிந்தது. தண்ணீர் கண்டதும் முழங்கை ஆழத்தோடு நிறுத்தினோம். மாதா கோயில் உபதேசியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். மதினி விளிம்பில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாள். அன்று முப்பது வீட்டிலும் பருப்புக் குழம்பு.

பதினோரு நாள் குடித்தோம். மண் சரியுமோ என்ற பயம் இல்லாமல், நிமிர்ந்து நின்று வாளியில் மொண்டு குடித்தது அந்தப் பதினோரு நாள்தான்.

பன்னிரண்டாம் நாள் காலையில் நானும் மதினியும் குடத்தோடு போனபோது, உறைக்குப் பக்கத்தில் கையில் தார் டப்பாவோடு ஒருவர் குனிந்து நின்றார். போர்டு மேஸ்திரி. விளிம்பில் "கு.தொ. 7" என்று எழுதி முடித்திருந்தார். மெழுகு உருகி ஒட்டியிருந்த இடத்துக்கு மேலேயே தார். அவருக்குப் பின்னால் பஜார் கூட்டுகிற அம்மா ஒருத்தி இலைக்கூடையோடு நின்றாள். அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கூடையைக் கீழே வைத்தாள்.

"மேஸ்திரி, இதுல தண்ணி கெடக்கு. குடிக்கிற தண்ணி மாதிரி இருக்கு."

"தண்ணி கெடந்தா உனக்கென்ன? தொட்டின்னா மழைத் தண்ணி நிக்கத்தான் செய்யும். கொட்டு."

"நான் மாட்டேன். வாளி வெச்சிருக்காக பாரு."

"நீ என்ன மாட்டேங்கிறது?" என்று சொல்லிக்கொண்டே மனிதர் தார்க்கையோடு கூடையைத் தூக்கித் தானே கவிழ்த்தார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. மதினி சொன்னது ஞாபகம் இருக்கிறது.

"பாவி, பாவி! புள்ளைக குடிக்கிற தண்ணிடா!"

"மரியாதையாப் பேசும்மா. குப்பைத் தொட்டிக்குள்ள தண்ணிய ஊறவெச்சுக் குடிச்சது நீங்க. தொட்டியத் தெருமுனையில இருந்து இங்க இழுத்தாந்தது யாரு? மண்ணுக்குள்ள பொதைச்சது யாரு?"

"குப்பைத் தொட்டியா?"

"பெறகு? உங்க தெருவுக்குக் கல்யாணச் சீரா கொண்டாந்து எறக்குனோம்?"

உள்ளே பார்த்தேன். வாழை இலை ஒன்று மலர்ந்து மிதந்தது. அதில் பாதி தின்ற இட்லி அப்படியே இருந்தது. எவனோ காப்பிக் கிளப்பில் உட்கார்ந்து சட்னி சரியில்லை என்று வைத்துவிட்டுப் போயிருப்பான்.

அன்றே போர்டு ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா எங்கள் மனுவைத் தேடி எடுத்து மேஜையில் விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். என் கையெழுத்தை அங்கே பார்க்க எனக்கே பெருமையாக இருந்திருக்க வேண்டும், அத்தனை அழகாக இருந்தது.

"இது நீ எழுதினதுதானே? 'தக்க ஏற்பாடு செய்யும்படி'. செஞ்சாச்சு. தொட்டி குடுத்தாச்சு."

"கெணறு கேட்டோம்யா. மொதல்ல கெணறுதான எழுதியிருக்கேன்."

"அது பரிசீலனையில இருக்கு. ரெண்டாவது முடிஞ்சது."

"குப்பைய அங்கன கொட்டாதீகன்னுதான் எழுதினேன்."

"அப்படியா எழுதியிருக்க? கொட்டப்படுவது குறித்துத் தக்க ஏற்பாடு. இனிமே கீழ கொட்ட மாட்டாங்க. தொட்டியிலதான் கொட்டுவாங்க."

மதினி அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அய்யா, வேற எங்கனயாச்சும் வேற தொட்டி வெச்சுக்கங்க. அந்த உறைய மட்டும் எங்களுக்கு விட்டுருங்க."

"ஏழாம் நம்பர் தொட்டின்னு ரிஜிஸ்டர்ல ஏறிப்போச்சு. இனிமே போர்டு கூடித் தீர்மானம் போட்டாத்தான் மாத்த முடியும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னொண்ணும் கேட்டுக்க. போர்டு சொத்த எடம் மாத்திப் பொதைச்சதுக்கு நோட்டீஸ் வந்தா, மொதக் கையெழுத்து போட்டவ பேருக்குத்தான் வரும்."

என்னை அடிக்க அந்த ஒரு வார்த்தை போதும் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. வீட்டுக்கு வந்து வாய் மூடினவள்தான். தபால்காரர் தெருவில் நுழைந்தால் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வேன். போலீஸ் வரும், வீட்டுக்காரரைப் பிடித்துப் போவார்கள், படகு ஏலத்துக்குப் போகும் என்று என்னென்னவோ நினைத்தேன். ஒரு மாதத்தை அந்தப் பயத்தில் தொலைத்தேன். அந்த ஒரு மாதமும் பஜார்க் கூடைகள் வந்துகொண்டே இருந்தன. போர்டுக்காரர்களைத் திட்டி எனக்கு ஆத்திரம் அடங்கும்போதெல்லாம் அந்த மாதம் ஞாபகத்துக்கு வரும், மறுபடி எரியும்.

கொட்டுவதற்கு வந்தவர்கள் அள்ளுவதற்கு வரவில்லை. குப்பை வண்டிக்காரர் ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்தார்.

"தொட்டி தரைக்கு மேல நின்னா பக்கத்துல நின்னு வாரிப்போடலாம். இது குழிக்குள்ள கெடக்கு. ஏலாது தாயி." மாட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நிறைந்தது. வழிந்தது. ஈ மொய்த்து உறையின் விளிம்பே கறுப்பாகத் தெரிந்தது. மேலே இருந்தது பரவாயில்லை. அடியில் ஊறி அழுகினது மணலுக்குள் இறங்கியது. பழைய குழிகளில் பறித்துப் பார்த்தோம், எல்லாவற்றிலும் அதே வாடை. கிழக்கே தள்ளிப் பறித்தோம், சவர். அதைத்தான் குடித்தோம். பருப்பு வேகவில்லை. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. மதினியின் மகளுக்கு, அந்த மணலில் மூடின பிள்ளைக்குத்தான், பேதி நிற்கவே இல்லை. கண் உள்ளே போய், உதடு வெடித்து, துணி மாதிரிக் கிடந்தாள். வண்டி கட்டி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது நானும் ஏறப் போனேன். மதினி என்னைத் தடுத்தாள்.

"அன்னைக்கு மண்ணுக்குள்ள கெடந்தா, காலப் புடிச்சு இழுத்தோம். இப்ப எதப் புடிச்சு இழுக்க? நீதான எழுதுனவ. நீ எறங்கு."

இறங்கிவிட்டேன். பிள்ளை ஒன்பது நாள் கழித்துக் குணமாகித் தன் காலால் நடந்து வந்தாள். மதினி என்னிடம் பேசவில்லை.

பிள்ளை வந்த மறுநாள் காலையில் ஆண்கள் கடலுக்குப் போனதும், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மீன்கூடையோடு நேரே போய் அந்த உறைக்குள் இறங்கினேன். நோட்டீஸ் வரட்டும், போலீஸ் வரட்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. இரண்டு கையாலும் வாரி வாரிக் கூடையில் போட்டுத் தூக்கி வெளியே கொட்டினேன். கொஞ்ச நேரத்தில் கூடையைத் தூக்கிவிட முடியாமல் தடுமாறினபோது மேலேயிருந்து ஒரு கை வாங்கிக்கொண்டது. மதினி. கொட்டிவிட்டு வெறும் கூடையைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். உச்சி வேளைக்குள் குப்பை முழுக்க வெளியே வந்துவிட்டது. அடியில் மணல் கறுத்துப் போயிருந்தது. அதையும் வாரினேன். வார வாரக் கறுப்பு.

"போதும்டி," என்றாள் மதினி. ஒன்பது பத்து நாளைக்குப் பிறகு என்னிடம் பேசின முதல் பேச்சு. "முழங்கை தாண்டிருச்சு. மேல வா."

"இன்னும் கறுப்பு இருக்கு மதினி."

"இருந்துட்டுப் போகட்டும். மழைக்குக் கழுவிக்கிரும். ஏறுடி மேல."

கேட்கவில்லை. அந்தக் கறுப்பை அங்கே விட்டுவைக்க என்னால் முடியவில்லை. மேஸ்திரியின் தார்க்கை, குமாஸ்தாவின் விரல், அந்த இட்லி எல்லாம் அந்த மணலில் இருக்கிற மாதிரி நகம் பிய்யப் பிய்ய வாரினேன். எத்தனையோ தரம் யோசிக்கிறவள், அன்றைக்கு ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. இன்னும் ஒரு சாண் போயிருப்பேன். வெள்ளை மணல் வந்தது. மணலுக்குப் பின்னாலேயே குபுகுபு என்று தண்ணீர். கண்ணாடி மாதிரி, கணுக்கால் சில்லென்று. மேலே நின்றவர்கள் குலவையிட்டார்கள். நான் இரண்டு கையாலும் அள்ளி வாயில் வைத்தேன்.

கடல்.

என் முகத்தைப் பார்த்தே மேலே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. குலவை பாதியில் நின்றது. மதினி கையை நீட்டி என்னைத் தூக்கிவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு தண்ணீருக்கு ஒன்றரை மைல். தண்டவாளத்தைத் தாண்டி உள்நாட்டுக்காரர்கள் வயல் கிணற்றுக்குப் போக வேண்டும், அவர்கள் இறைத்து முடிக்கிற வரையில் ஒதுங்கி நிற்க வேண்டும். போக ஒரு நடை, வர ஒரு நடை, காலையும் சாயங்காலமும். நோட்டீஸும் வந்தது. நான் பயந்ததற்கு இல்லை; தொட்டிக்கு வெளியே குப்பை போட்டதற்கு. நாங்கள் வாரி வெளியே கொட்டின பஜார் குப்பைக்கு எங்கள் மேல் நோட்டீஸ்! அதை அடுப்பில் போட்டேன். எங்கள் தெருவில் குப்பை போகிற இடம் அதுதான்.

ஆடி மாதம் ஒரு நாள் பேண்ட் போட்ட இன்ஸ்பெக்டர் ஒருவர் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு வந்தார். மனுவின் முதல் விஷயமாகக் கிணற்றுக்கு இடம் பார்க்க வந்திருக்கிறாராம். மனுக் கொடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. பெண்கள் கூடிவிட்டார்கள். உறையைப் பார்த்ததும் "ஏற்கெனவே உறை இருக்குதே" என்றார். ஒரு சிரட்டையில் தண்ணீர் எடுக்கச் சொன்னார். மதினி மொண்டு கொடுத்தாள். வாயில் வைத்துத் துப்பினார். அச்சடித்த தாள் ஒன்றைத் தொடையில் வைத்து எழுதி, "யார் இங்க கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க?" என்று என்னிடம் நீட்டினார்.

படித்தேன். "இவ்விடத்தில் நீர் உவர்ப்பாக உள்ளது. குடிநீர்க் கிணறு அமைக்கத் தகுதியற்றது."

"போடும்மா. மனுதாரர்னு இருக்குல்ல, அங்க."

பேனாவை வாங்கினேன். அவர் எழுதினதற்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அதில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். "இங்கே நல்ல தண்ணீர் இருந்தது. பருப்பு வேகும். போர்டு கெடுத்தது." நானும் கெடுத்தேன் என்று எழுதவில்லை. அது எனக்கும் மதினிக்கும் நடுவில் இருக்கிற விஷயம், போர்டுக்கு எதற்கு?

அவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது? இதெல்லாம் இதுல எழுத இடம் கிடையாது."

"எழுதிட்டேன்ல. இடம் இருந்துச்சு."

"வேற அச்சுப் பாரம் கொண்டாரலைம்மா நான்."

"என்னடி எழுதியிருக்க?" என்று மதினி கேட்டாள். உரக்கப் படித்தேன். அவள் இன்ஸ்பெக்டரின் பையிலிருந்து எட்டிப் பார்த்த மைப்பெட்டியை எடுத்தாள். அவர் "ஏய், ஏய்" என்றார். பெருவிரலை அழுத்தி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மனுவுல இதே வெரலத்தான் வெச்சேன். சரியா இருக்கான்னு ஆபீஸ்ல வெச்சுப் பாத்துக்கச் சொல்லுங்க."

அடுத்தவள் வாங்கினாள். அதற்கு அடுத்தவள். கீழே இடம் தீர்ந்ததும் ஓரத்தில் வைத்தார்கள். ஓரமும் தீர்ந்ததும் அவர் எழுதின வரிக்கு மேலேயே வைத்தார்கள். அவர் தாளைப் பிடுங்கப் பார்த்தார். தாள் கிழியும் என்று விட்டுவிட்டார். கடைசி ரேகை விழுந்தபோது தகுதியற்றது என்கிற வார்த்தை மைக்குள் மூழ்கிப் போயிருந்தது.

மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அந்தத் தாள் என்ன ஆனது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் அவர் தலை மறைகிற வரையில் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு மதினி என் குடத்தையும் சேர்த்து எடுத்தாள். மைபட்ட விரலோடு ஒன்றரை மைல் நடந்தோம்.